சின்ன முதலாளியின் கை

என் வீட்டுக்காரர் கதிர் தன் கைக்குத் தானே முத்தம் கொடுத்ததை நான் பார்த்துவிட்டேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முட்டை வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், மணி என்ன என்று கேட்கத் திரும்பினேன். சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் பனியனோடு நின்று, வலது கையை மடக்கி இறுக்கி, புடைத்து நின்ற அந்த இடத்தில் உதட்டை வைத்து எடுத்தார். கட்டின பெண்டாட்டி ஒருத்தி குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் இருக்கிறேன், இந்த மனுஷனுக்கு முத்தம் கொடுக்கத் தன் கைதான் கிடைத்தது!

"ஏனுங்க, அந்தக் கையயும் ரேசன் கார்டுல சேத்திப்போடலாமுங்களா? சக்கரை எச்சாக் கெடைக்கும்" என்றேன்.

கதிருக்கு முகம் கறுத்துவிட்டது. "சும்மா இரு புள்ள. கைய நேசிச்சாத்தான் கை வளருமின்னு ஜிம்மு மாஸ்டர் சொன்னாரு" என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. முட்டை ஒன்று வெடித்துத் தண்ணீரெல்லாம் நுரையாகிப்போனது.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். திருப்பூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் பனியன் கம்பெனி. பாலுசாமி முதலாளியின் கம்பெனியில் கதிர் லோடு ஏற்றி இறக்குகிறவர், நான் பனியனை மடித்துப் பெட்டியில் போடுகிறவள். கம்பெனிக்குப் பின்னாலேயே ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்டிருந்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முதலாளி குடும்பத்தோடு எங்களுக்குத் தொடர்பு திருப்பூரில் ஆரம்பித்ததில்லை. வெள்ளகோவில் பக்கம் அவர்களுடைய பூர்விகத் தோட்டத்தில் என் மாமனார் வெள்ளியங்கிரி பண்ணையாள், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. ஊர் ஒரு பக்கம், எங்கள் சனம் குடியிருக்கும் வளவு ஒரு பக்கம், நடுவில் ஒரு பள்ளம். அந்தத் தோட்டத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கதிரைத்தான் முதலாளி இங்கே கூட்டிவந்து மூட்டை தூக்கச் சொன்னார். மாமனாருக்கு முதலாளி இன்றைக்கும் பண்ணாடிதான். பண்ணாடி பண்ணியது பெரிய உபகாரம் என்று வாய் ஓயாமல் சொல்வார். இல்லை என்று நானும் சொல்லமாட்டேன்.

முதலாளியின் மகன் கிருபாசங்கர், எங்களுக்குச் சின்ன முதலாளி, கோயமுத்தூரில் காலேஜ் முடித்துவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்திருந்த சமயம். கையில்லாத பனியனில் புது ரகம் ஒன்று போட வேண்டும், பெட்டி மேல் ஆள் படம் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பம்பாய் மூஞ்சிகளைப் போட்ட பெட்டி எல்லாக் கடையிலும் தொங்குகிறது, நம்ம மண்ணில் விளைந்த உடம்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருநாள் லாரியிலிருந்து நூல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றவர், "கதிரு, சட்டையக் கழட்டு" என்றார். கழற்றினார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உன்ற கைதாண்டா என்ற பொட்டி. ஆனா இது பத்தாது. செதுக்கி வெச்சாப்பல இருக்கோணும்" என்றார். அன்றோடு கதிருக்கு லோடு வேலை நின்றது. குடோனில் சும்மா உட்கார வேண்டியது, காலையும் மாலையும் ஜிம்முக்குப் போக வேண்டியது. பெண்டாட்டி மடிப்புப் பலகையில் நின்று இடுப்பு ஒடிய, புருஷனுக்குக் கையை வளர்ப்பது வேலை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஜிம் என்றால் பஞ்சு அரைக்கிற பழைய கொட்டகை ஒன்றுதான். உள்ளே ஆஞ்சநேயர் படம், அதற்கு ஒரு சீரோ வாட் பல்பு, தரையெல்லாம் இரும்பு. ராமுலு மாஸ்டர் குள்ளமான மனுஷர், கழுத்தே கிடையாது. சோறு கொண்டுபோனவள் வாசலிலேயே நின்று பார்த்தேன். சந்தையில் மாடு பிடிக்கிறவர் போலக் கதிரின் கையை முன்னும் பின்னும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது மூட்டை தூக்குன கை. பலமிருக்குது, வடிவமில்ல. எல்லாம் ஒட்டுக்கா அப்பி வெச்சாப்பல இருக்குது. தோள் தனியா, முன்கட்டுத் தனியா, பின்கட்டுத் தனியாத் தெரியோணும். நடுவுல கோடு விழுகோணும். எல்லாப் பயலும் முன்னாடியத்தான் மடக்கி மடக்கிப் பாப்பான். கையில பாதிக்கு மேல பின்னாலதானப்பா இருக்குது" என்றார். பிறகு ஒரு சின்ன இரும்பைக் கையில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து மெல்லத் தூக்கச் சொன்னார். தூக்கிவிட்டார். அதைவிட மெல்ல இறக்கச் சொன்னார். அங்கேதான் ஆட்டம் கண்டது. பொதி பொதியாக முதுகில் ஏற்றுகிற மனுஷனுக்கு அந்தத் துக்கடா இரும்பை நிதானமாக இறக்கத் தெரியவில்லை. கை கிடுகிடுவென்று நடுங்கியது. "எறியாத, எறியாத! மூட்டையா அது? எறக்கறதுலதான் கோடு விழும்" என்று மாஸ்டர் கத்தினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டிலும் அதே பாட்டுதான். காலையில் முளைகட்டின கொள்ளு, மத்தியானம் வேகவைத்த கடலை, மாலையில் முட்டையின் வெள்ளை. மஞ்சள் கரு ஆகாதாம். அதையெல்லாம் வீணாக்குவானேன் என்று நானே தின்று எனக்குத்தான் கன்னம் உப்பியது. "உங்க படத்துக்குப் பதிலா என்ற படத்தைப் பாவாடைப் பொட்டியில போடச் சொல்லுங்க" என்று கிண்டல் பண்ணுவேன். அவர் தரையில் கையூன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார். முதுகில் வியர்வை சொட்டும். கட்டின நாளிலிருந்து அவர் தனக்கென்று எதையும் இப்படி மெனக்கெட்டுச் செய்து நான் பார்த்ததில்லை.

தைப் பொங்கல் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. ஊர் நடுவில் ஜவுளியும் மளிகையும் சேர்த்து விற்கிற கடை ஒன்று உண்டு. துண்டு, பனியன் பெட்டிகளையெல்லாம் கயிற்றில் கோத்து முன்னால் தொங்கவிட்டிருப்பார்கள். நாங்கள் போனால் படிக்குக் கீழே நிற்க வேண்டும். காசைப் படியில் வைக்க வேண்டும், சாமான் மேலிருந்து விழும், பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் வெல்லம் வாங்கினோம். திருப்பூர்ச் சம்பளக்காரர், பேண்ட் போட்டவர், ஆனாலும் படிக்குக் கீழேதான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர் காங்கயம் தாண்டியதும் சொன்னார்: "அந்தக் கடையில என்ற மூஞ்சி தொங்கோணும் அம்மணி. காத்தால கடை தொறக்கறப்ப அவிய என்ற மூஞ்சியிலதான் முழிக்கோணும்."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரைவிட எனக்கு வெறி பிடித்துக்கொண்டது. ஜிம்முக்கு ஒருநாள் சோம்பினால் நானே தள்ளிவிட்டேன். குளித்து வந்ததும் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். "பின்னால இன்னுங் கோடு சரியா உழுகுலீங்க" என்று ராமுலு மாஸ்டர் கணக்காகச் சொல்வேன். எங்கள் மூஞ்சியைப் படத்தில் பார்த்து அந்த ஊர் ஜனம் பனியன் வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரன் தன் கையாலேயே தூசி தட்டித் தட்டி எங்கள் மூஞ்சியைத் துடைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மாசியில் கோயமுத்தூர் ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். தனியாகப் போகக் கூச்சம் என்று என்னையும் கூட்டிப்போனார். சின்ன முதலாளி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தேங்காயெண்ணெயைக் கையில் லேசாகத் தடவச் சொன்னார்கள், நான்தான் தடவிவிட்டேன். பக்கவாட்டில் ஒரு பெரிய விளக்கைப் போட்டதும் பார்க்கிறேன், தோளுக்குக் கீழே கத்தியால் கீறினாற்போலக் கோடு இறங்குகிறது. பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு. இத்தனை நாள் வேகவைத்ததும் முளைகட்டியதும் இதற்குத்தானே! என் கண்ணே பட்டுவிடுமோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். போட்டோக்காரருக்கு எங்களை யாரென்று தெரியாது. "நல்லாச் சிரிங்க, சார். மொகமும் நல்லாக் களையா இருக்குதுங்க" என்றார். கதிர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சித்திரை பிறந்து நாலைந்து நாளில் சிவகாசியிலிருந்து பெட்டிக் கட்டு வந்து இறங்கியது. மடிக்கிற பெண்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "அன்புக்கா, நீங்களே பிரிங்க" என்றார்கள். கத்திரியால் கயிற்றை வெட்டி மேல்தாளைக் கிழித்தேன். என் பார்வையில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். கை அவர் கை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை அவர் நின்ற நிலை. இடது கையில் நகத்தளவு மச்சம், அது எனக்குத் தெரியாதா? கழுத்துக்கு மேலே சின்ன முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு தங்கச் சங்கிலியை வரைந்துவிட்டிருந்தார்கள்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். மேனேஜர் குமாரசாமி வந்து, "என்ன வேடிக்கை? வேலையப் பாருங்க" என்றார். பார்த்தேன். அன்றைக்குப் பொழுதுக்கும் என் புருஷன் கை மேல் வேறொருத்தன் தலை வைத்த பெட்டியைத் திறந்து திறந்து பனியனை வைத்து மூடினேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே கையே ஊரான் வீட்டுக் கை.

என்ன நடந்ததென்று குமாரசாமிதான் அப்புறம் சொன்னார். நல்ல மனுஷன்தான், முதுகெலும்புதான் கிடையாது. அச்சுக்குப் போகும் முன்னால் மாதிரிப் படத்தை முதலாளி மேஜையில் வைத்திருந்தாராம். ஊரிலிருந்து வந்த பங்காளிகள் பார்த்துவிட்டு யாரென்று கேட்க, நம்ம வெள்ளியங்கிரி மகன் என்று முதலாளி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாராம். "நோம்பிக்குப் புதுத்துணி எடுத்தாப் பொட்டியோட சாமி முன்னால வெச்சு மஞ்சத் தடவறோம். அதுல அவன் மூஞ்சியா? எங்க ஊட்டுப் பொம்பளைக அதைத் தொட்டு எடுக்கோணுமா?" என்று ஒருவர் படத்தைத் தூக்கி எறிந்தாராம். கைக்குச் செலவு பண்ணியாயிற்றே, வீணாகப் போக வேண்டாம் என்று சின்ன முதலாளிதான் இந்த யோசனையைச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் ஒரு பெட்டியை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதிர் வாசலில் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கத்துவார், கிழித்துப்போடுவார் என்று எதிர்பார்த்தேன். "கை நல்லா வந்திருக்குது" என்றார். குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டில் துடைத்தார். மறுபடியும் போய்க் கழுவினார்.

பெட்டி சக்கைப்போடு போட்டது. கடைக்காரர்களெல்லாம் சின்ன முதலாளியைப் பார்க்கவே வந்தார்கள். "தெனம் என்னங்க சாப்பிடறீங்க, எத்தனை தண்டால் எடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். அவரும் கூசாமல் பதில் சொல்வார், ராமுலு மாஸ்டர் சொன்னதையே சொல்வார். ஆனால் கை இருந்தால்தானே? முருங்கைக்காயாட்டம் இரண்டு கை. அன்றிலிருந்து எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கதிருக்கும் முழுக்கைச் சட்டை போடச் சொல்லி உத்தரவு வந்தது. சித்திரை வெயிலில் அந்தக் கம்பெனியில் இரண்டே பேர் மணிக்கட்டில் பொத்தான் போட்டுத் திரிந்தார்கள், ஒருவருக்குக் கை இருந்ததால், இன்னொருவருக்கு இல்லாததால்.

அதோடு விட்டிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனியில் ஒருநாள் குமாரசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், தண்ணீர் கேட்கமாட்டார். "கதிரு, ஜிம்முக்குப் போறத உட்ரு. அந்த முட்டை கிட்டையெல்லாம் நிறுத்திப்போடு. கையக் கொறச்சுக்கோ" என்றார்.

"கொறச்சுக்கறதுன்னா எப்படிங்க?"

"சும்மா இருந்தாத் தன்னால வடிஞ்சு போகுமாம். சின்னவருக்கு அன்னூர்ல பெரிய எடத்துல பேசி முடிச்சிருக்குது. பொண்ணு ஊட்டுல பொட்டியப் பாத்துத்தான் பேச்சே எடுத்தாங்களாம். நாலு பேரு வந்து போற எடத்துல நீ இந்தக் கைய வெச்சுட்டு நின்னா நல்லாருக்குமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கப்பன் தோட்டத்துலதான இருக்கறான்? நண்டு கொழுத்தா வளையில இருக்காதும்பாங்க. நாஞ் சொல்லல, சொல்லச் சொன்னாங்க."

ஊர்க் கிணற்றில் இறங்கிக் குளித்தான் என்பதற்காக எங்கள் வளவுப் பையன் ஒருவனை என்ன செய்தார்கள் என்பதை நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்தவர்கள். அவன் இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். அன்றே முட்டையை நிறுத்தினேன். கடலையை நிறுத்தினேன். "போச்சாதுங்க, கைதானே, வடிஞ்சா வடியட்டும்" என்று கெஞ்சினேன். அவர் மண்ணெண்ணெய் டின்னில் மணலை நிரப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, தலைக்குப் பின்னால் பிடித்துத் தூக்கி இறக்க ஆரம்பித்தார். ரசம் சோறு மட்டும் போட்டேன். அதற்கும் மசியவில்லை. தீனி குறையக் குறைய இருந்த கொழுப்பெல்லாம் வற்றி, கோடு முன்னைவிட ஆழமாக விழுந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டின்னைப் பிடுங்கி மணலை வாசலில் கொட்டினேன்.

"உங்கப்பனக் கொல்லறதுக்கா இதத் தூக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். வாயில் வந்துவிட்டது.

அவர் கொட்டின மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூட்டை அவியளது. தோட்டம் அவியளது. இந்தக் கையில இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் அவியளுக்குப் போச்சு. இந்தக் கோடு ஒண்ணுதான் அன்பு நானாப் போட்டது. அதயும் தலைக்குக் கீழ ஒட்டிக்கிட்டாங்க. செரி, போகட்டும். இப்ப என்ற ஒடம்புலயே அது இருக்கக் கூடாதாமா?" என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் உட்கார்ந்து மணலைக் கையால் வழித்து டின்னில் திரும்பப் போட்டேன். வேறு என்ன செய்ய?

ஆவணியில் கல்யாணம். தாராபுரம் ரோட்டில் பெரிய மண்டபம். கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் எடுபிடி வேலை. போகிற ஒறம்பரைச் சொந்தங்கள் ஒவ்வொருவருக்கும் தாம்பூலப் பையோடு பனியன் பெட்டி ஒன்றும் கொடுப்பதென்று முதலாளி முடிவு பண்ணியிருந்தார். மகன் படம் அல்லவா, பெருமை. மண்டப வாசல் படிக்கு மேலே மேஜை போட்டு முதலாளியின் தங்கை கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்துப் பெட்டியை எடுத்து நீட்டுவது என் வேலை. கதிரைப் பின்பக்க அறையில் பெட்டிகளோடு உட்கார வைத்திருந்தார்கள். முன்பக்கம் தலை காட்டக் கூடாது என்று குமாரசாமி காலையிலேயே சொல்லியிருந்தார்.

பந்தி முடிந்து அன்னூர் பஸ்ஸுக்குக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பியது. மேஜையில் பெட்டி தீர்ந்துபோனது. மற்ற லோடு ஆட்களெல்லாம் அப்போதுதான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். "யாராச்சும் ஒரு கட்டுக் கொண்டாங்கப்பா!" என்று முதலாளியின் தங்கை சத்தம் போட்டார். பக்கவாட்டு நடையில் கதிர் வந்தார். முழுக்கைச் சட்டையைக் காணோம். பெட்டியில் இருக்கிற அதே கையில்லாத பனியன். கட்டைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நல்ல வெயிலில், நிதானமாக நடந்து வந்து, மேஜை மேல் எறியாமல் மெல்ல இறக்கினார். வெள்ளகோவில் பக்கம் மாமனார் இந்நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். "போயிருங்க, போயிருங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் போகவில்லை. படியோரமாக இறங்கிப் போய் நின்றுகொண்டார்.

பார்த்தது குமாரசாமி ஒருவர்தான். வெளிறிப்போய், ஒறம்பரையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு பல்லுக்குள்ளே "உள்ள போடா" என்றார். அதற்குமேல் சத்தம் போட அங்கே முடியாது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டுச் சட்டை, மணிக்கட்டுவரை. பெரிய முதலாளி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். ஜனம் ஒவ்வொருவராக என்னிடமிருந்து போன பெட்டியை வாங்கி, படத்தைப் பார்த்து, "என்னமா ஒடம்ப வெச்சிருக்கறாரு மாப்பளை" என்று பேசிக்கொண்டு கதிரை உரசினாற்போல இறங்கிப் போனது. யாரும் பார்த்துவிடக் கூடாதே சாமி என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டேன். இன்னும் ஆட்கள் போனார்கள், இன்னும் போனார்கள். ஒரு கண்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. ஒருவர் வெற்றிலை எச்சிலைத் துப்ப அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அடப்பாவிகளா, பார்த்துத்தான் தொலையுங்களேன்! பக்கத்திலேயே நிற்கிறதே, கண் அவிந்துபோயிற்றா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியாக ஒரு வயசான அம்மா வந்தார். கனத்த சரீரம், கழுத்து நிறைய நகை, கால் இரண்டும் வீங்கியிருந்தது. "பூவாத்தாக்கா, பாத்து எறங்குங்க, படி ஒசரம்" என்று பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள். என் மாமியார் பெயரும் அதுதான். ஒரு கையில் தாம்பூலப் பை, அக்குளில் பெட்டி. இறங்கக் காலை வைத்தவர் தடுமாறி, கைக்கு எட்டியதைப் பிடித்தார். எட்டியது கதிரின் கை. அந்த மாதிரி வீட்டுப் பொம்பளை ஒருவர் அவரைத் தொட்டது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அவர் மூச்சே விடாமல் கையை விறைத்துக் கொடுத்தார். மாடிப்படிக் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார் அந்த அம்மா.

கீழே இறங்கியும் பிடியை விடவில்லை. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், பிடித்திருந்த கையை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். அக்குளிலிருந்த பெட்டியை எடுத்து நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஜவுளிக்கடையில் சேலையையும் ரவிக்கைத் துணியையும் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட என்ற சாமி! நீ மாப்பளைக்குப் பங்காளியா கண்ணு? கை ஒரே வார்ப்பா இருக்குதே! அண்ணந் தம்பின்னா இப்பிடியல்ல இருக்கோணும்!"

காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. மாப்பிள்ளை திரும்பினார். பெண் திரும்பிக் கதிரின் கையைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்ற பட்டுச் சட்டையின் கையைப் பார்த்தாள். பெரிய முதலாளியின் கும்பிடு கும்பிட்டபடியே நின்றது. குமாரசாமி இரண்டு எட்டு எடுத்து வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எந்தக் கூட்டம் கண்ணு நீங்க?" என்றார் அந்த அம்மா.

கூட்டம் என்றால் குலம். அவர்களுக்குள் யார் அண்ணன் தம்பி, யார் மாமன் மச்சான் என்று அதை வைத்துத்தான் தெரியும். ஒரு மனுஷனைப் பார்த்ததும் பெயரைவிட முதலில் அதைத்தான் கேட்பார்கள். எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் அவர்களுக்கு.

கதிர் என்னை அண்ணாந்து பார்த்தார். என் கையில் பெட்டி ஒன்று பாதி நீட்டியபடி இருந்தது. நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா, எனக்கே தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"கூச்சப்படாமச் சொல்லு கண்ணு, நம்ம சனந்தான" என்று அந்த அம்மா கையைச் செல்லமாக ஒரு உலுக்கு உலுக்கினார். கதிர் வாயைத் திறந்தார். வளையல் போட்ட அந்த விரல்கள் அழுந்தியிருந்த இடத்தில், தோலுக்கு அடியில் நரம்பு ஒன்று எழும்பி எழும்பித் துடிப்பது, படிமேல் நின்ற எனக்கே தெரிந்தது.